பனிப்பாதையைத் திறந்தவர்கள்: பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயின் குளிர்கால வழிநடை

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தையும் இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கையும் பிரித்து நிற்கும் ஆல்ப்ஸ் முகட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,469 மீட்டர் உயரத்தில் பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய் அமைந்துள்ளது. அதன் வடபுறத்தில் மலையடிவாரத்துக் கடைசி ஊர் பூர்-சான்-பியேர். தென்புறத்தில் இறங்கியதும் எதிர்ப்படும் முதல் ஊர் சான்-ரெமி. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர் எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏறி, மீண்டும் அதே அளவு இறங்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை கோடையில் ஒரு பகல் நடைக்குள் அடங்கிவிடும். பனிக்காலத்தில் அதே ஒரு பகல் போதுமா, போதாதா என்பதிலேயே பயணியின் உயிர் தங்கியிருந்தது.

இந்தப் பாதை ஒருநாள் நடையாகவே கணக்கிடப்பட்டு வந்தது என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. கான்டர்பரிப் பேராயர் சிகெரிக் 990ஆம் ஆண்டில் ரோமிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பியபோது இரவு தங்கிய இடங்களின் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. அதில் சான்-ரெமி ஒரு தங்கல், அதற்கடுத்த தங்கல் பூர்-சான்-பியேர், இடையில் வேறு பெயரே இல்லை. விடியலில் ஓர் ஊரைவிட்டுக் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் மறு ஊரை அடைவது என்னும் இந்த முறை, நடுவழியில் ஒதுங்க இடமில்லாத காலத்தில் தேர்வு அன்று, கட்டாயம். ரோமில் திருத்தந்தையிடம் பதவிச் சின்னம் பெறச் சென்ற எல்ஃப்சிகே என்னும் மற்றொரு கான்டர்பரிப் பேராயர் 959ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையிலேயே குளிரில் விறைத்து இறந்தார் என்பதையும் சேர்த்து நோக்கினால், அக்காலத்துப் பெரிய மனிதர்களையும் மலை பொருட்படுத்தவில்லை என்பது விளங்கும்.

கணவாயின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பொதுவாக மூவரைச் சுற்றியே நடக்கின்றன: சத்திரத்தை நிறுவிய புனித பெர்னார்ட், படையுடன் கடந்த நெப்போலியன், பனியில் புதைந்தவரைத் தேடிக் கண்டெடுத்த பாரி என்னும் நாய். இம்மூவரும் வரலாற்றுக்கு உரியவர்களே. ஆயினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இந்தப் பாதை குளிர்காலத்திலும் நடக்கத்தக்கதாக இருந்ததற்கு முதன்மையான காரணம், 'மரோனியே' என்று அழைக்கப்பட்ட மலையூர் வழிகாட்டிகளின் உழைப்பே ஆகும். பனிக்கு அடியில் பாதை எங்கே ஓடுகிறது என்பதை அறிந்து, முன்னே நடந்து, மிதித்து, பின்னால் வருவோருக்கு வழியமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பாதையின் தொன்மை ரோமானியருக்கும் முற்பட்டது. கணவாயில் கெல்டிய இனத்தாரின் நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கி.மு. 57இல் ஜூலியஸ் சீசர் தம் தளபதி கால்பாவை இன்றைய மார்ட்டினி நகரம் இருக்கும் இடத்துக்கு அனுப்பியதற்குக் காரணம், வணிகர்கள் பேராபத்துக்கும் பெருஞ்சுங்கத்துக்கும் உட்பட்டே இந்த வழியில் சென்றுவந்தனர் என்பதும், அந்த வழியைத் தடையின்றித் திறக்க வேண்டும் என்பதும்தான் என்று சீசரே எழுதியுள்ளார். கால்பாவின் முயற்சி தோல்வியில் முடிந்தது, பின்னர் கி.பி. முதல் நூற்றாண்டில், பேரரசர் கிளாடியஸ் காலத்தில், கணவாய்ச் சாலை செப்பனிடப்பட்டது. பாறையைக் குடைந்து அமைத்த அச்சாலையின் ஒரு துண்டு இன்றும் முகட்டருகே கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே ஜூபிடர் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருந்தது. படைவீரர்களும் வணிகர்களும் அக்கோயிலில் செலுத்திய வெண்கலக் காணிக்கைத் தகடுகளில் ஏறத்தாழ ஐம்பது கிடைத்துள்ளன. நல்லபடியாகச் சென்று திரும்பவேண்டும் என்ற வேண்டுதலே அவற்றுட் சிலவற்றின் வாசகம். இந்தத் தெய்வத்தின் பெயராலேயே இடைக்காலத்தில் இந்த மலை 'மோன் ஜூ', அதாவது ஜூபிடர் மலை, என்று வழங்கிற்று.

பத்தாம் நூற்றாண்டில் பாதைக்கு வேறொரு ஆபத்து சேர்ந்தது. தென் பிரான்சின் கடற்கரையில் கோட்டை கொண்டிருந்த சரசேனியக் குழுவினர் ஆல்ப்ஸ் கணவாய்களில் வழிமறித்துப் பணம் பறித்தனர். குளூனி மடத்தின் தலைவர் மயோலுஸ் 972ஆம் ஆண்டில் ரோமிலிருந்து திரும்பும் வழியில் ஓர்சியேர் அருகே சிறைபிடிக்கப்பட்டு, பெருந்தொகை மீட்புப் பணமாகக் கொடுக்கப்பட்ட பின்பே விடுவிக்கப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அக்குழுவினர் விரட்டப்பட்டனர். கொள்ளையரைப் படை கொண்டு விரட்டலாம். பனியை விரட்ட வழியில்லை.

இத்தகைய மலையைக் குளிர்காலத்தில் ஏன் கடந்தனர் என்ற கேள்வி இயல்பாக எழும். திருச்சபை, அரசு ஆகியவற்றின் அலுவல்கள் பருவம் பார்த்து நடக்கவில்லை என்பது ஒரு காரணம். ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி தம் மீது விதிக்கப்பட்ட திருச்சபை விலக்கை நீக்கிக்கொள்ள, 1077 சனவரியில், மோன் செனி என்னும் மற்றொரு கணவாய் வழியாகக் குடும்பத்தோடு கடந்தார். ஆண்கள் தவழ்ந்து இறங்கினர் என்றும், அரசியும் பணிப்பெண்களும் மாட்டுத்தோலில் அமர்த்தி இழுத்துச் செல்லப்பட்டனர் என்றும் லம்பெர்ட் என்னும் துறவி எழுதிவைத்துள்ளார். வணிகர்க்குக் கெடு இருந்தது, தூதருக்கு ஆணை இருந்தது. பிற்காலத்தில் பெருந்தொகையாக வந்தவர்கள் ஏழைத் தொழிலாளிகள்: வேலை தேடி வடக்கே செல்வதும், வேலை முடிந்ததும் ஊர் திரும்புவதும் பனி விழும் மாதங்களிலேயே நேர்ந்தன. வண்டிக்கோ வழிகாட்டிக்கோ பணமில்லாத இவர்களே கணவாயில் மிகுதியாக இறந்தனர்.

மலை எப்படிக் கொல்கிறது என்பதையும் இங்கு விளக்குதல் வேண்டும். வடபுறப் பாதை முகட்டை நெருங்கும்போது, இருபுறமும் செங்குத்தான சரிவுகள் நெருக்கும் ஒடுங்கிய பள்ளத்தின் வழியே ஏறுகிறது; அதன் பெயர் 'கோம்ப் தே மோர்', இறந்தோர் பள்ளம். காற்று ஒரு சரிவிலிருந்து வாரிக்கொண்டுவரும் பனியை மறுசரிவில் படியவைக்கும்போது, அது கீழேயுள்ள பழைய பனியோடு ஒட்டாமல், பலகை போன்ற ஓர் அடுக்காக இறுகுகிறது. அதன் மீது ஓர் ஆள் கால் வைத்தாலும், சில வேளைகளில் எவரும் கால் வைக்காமலேயும், அந்த அடுக்கு முறிந்து மொத்தமாகச் சரிந்து விழுகிறது. இதுவே பனிச்சரிவு. புதையுண்டவர் மூச்சுத்திணறி இறக்க அதிக நேரம் ஆகாது. பனிச்சரிவில் சிக்காதவருக்கும் மூடுபனி காத்திருக்கிறது: தரையும் வானமும் ஒரே வெண்மையாகிவிடும்போது வழி தப்பியவர் வட்டமிட்டே நடந்து களைத்து உட்காருவார், குளிரில் உட்கார்ந்தவருக்கு உறக்கம் வரும், உறங்கியவர் எழுவதில்லை.

ஏறத்தாழ 1050ஆம் ஆண்டில், அவோஸ்தா மறைமாவட்டத்தில் ஆயரின் துணையாக ஆர்ச்டீக்கன் பதவி வகித்த பெர்னார்ட், இந்த முகட்டிலேயே ஒரு சத்திரத்தை நிறுவினார். அதற்கு முன்பு மலையடிவாரத்தில், பூர்-சான்-பியேரில், பயணியர்க்கு உதவிய மடாலயம் ஒன்று இருந்தது. பெர்னார்ட் செய்த பெரிய மாற்றம், உதவியை மலையடியிலிருந்து மலைமுடிக்கு ஏற்றியதாகும். ஒரு பகல் நடையை இரண்டு அரைநாள் நடைகளாகப் பிரித்த அந்த ஒரு முடிவு, கணவாயின் வரலாற்றில் வேறு எந்த அரசாணையைக் காட்டிலும் மிகுதியான உயிர்களைக் காத்தது என்று துணிந்து சொல்லலாம். சத்திரத்தை நடத்தும் பொறுப்பு, புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றிக் கூட்டாக வாழும் குருக்களுக்கு வந்து சேர்ந்தது. 'கேனன்' எனப்படும் இவர்கள், உலகை விட்டு ஒதுங்கும் துறவியரிலிருந்து வேறுபட்டவர்கள், மக்கள் பணியையே கடமையாகக் கொண்டவர்கள். வந்தவர் எந்த நாட்டவர், எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் உணவும் படுக்கையும் கொடுப்பது அவர்களுடைய வழக்கமாயிற்று.

சத்திரம் உருவான பின்பும் அதை அடையும் வழி எளிதாகிவிடவில்லை. 1129ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ரோமிலிருந்து திரும்பிய சான்-த்ரோன் மடத்தின் தலைவர் ருடோல்ஃப் எழுதிவைத்த விவரம், மரோனியேக்களின் தொழிலை மிக அருகிலிருந்து காட்டும் பழைய ஆவணமாகும். சான்-ரெமியில் அவருடைய குழுவினர் பனிப்பொழிவால் முடங்கினர். சிறிய ஊரில் திருப்பயணிகள் நெருக்கியடித்துக் கிடந்தனர். மேலேயிருந்து சரிந்த பனி, வீட்டுக்கு வெளியே காத்திருந்தோரை வாரிக்கொண்டு போனதோடு, உள்ளே இருந்தோர் சிலரையும் நசுக்கிற்று. இந்நிலையில் ஊரைச் சேர்ந்த மரோனியேக்கள் முன்வந்து, மிகுந்த கூலி பேசி, வழியைத் திறந்து தர ஒப்புக்கொண்டனர்.

அவர்கள் வகுத்த நடைமுறை கவனித்தற்குரியது. முதலில் மரோனியேக்கள் சென்று தடம் பதிப்பர். அவர்களுக்குப் பின் கால்நடையாகச் செல்லும் திருப்பயணிகள் அத்தடத்தை மிதித்து அகலமாக்குவர். அதற்குப் பின் குதிரைகள் சென்று தரையை இறுக்கும். கடைசியாக, மென்மையாக வாழ்ந்து பழகிய பிரபுக்களும் மடத்தலைவர்களும் சமதரையான வழியில் நடந்து வருவர். சமவெளியில் ஊர்வலத்தின் முன்வரிசை பெரியோர்க்கு உரியது. பனியிலோ முதல் அடி எடுத்து வைப்பவன் கூலிக்காரன். வழிகாட்டிகள் தலையை அழுத்திய கம்பளியால் மூடியிருந்தனர். கைகளில் முரட்டு உறைகள். காலில் உயரமான தோற்செருப்பு, பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க அதன் அடியில் இரும்பு முட்கள். கையில் நீண்ட கழி. அந்தக் கழியைப் பனிக்குள் இறக்கி, அடியில் இருப்பது பாதையின் கெட்டித் தரையா, பள்ளத்தை மூடிய வெறும் பனியா என்பதைக் கைக்குக் கிடைக்கும் தடையைக் கொண்டே அறிந்தனர். இன்று மலையேறுவோர் மடக்குக் குச்சியால் பனியின் ஆழம் பார்ப்பதும், காலணியில் இரும்பு முட்சட்டம் பூட்டுவதும் இதே முறையின் தொடர்ச்சியே.

அன்று அதிகாலையில் பயணிகள் கோயிலில் கூடிப் பூசை கண்டு, சாவுக்குத் தயாராவோர் போல நற்கருணை பெற்றனர். பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரே குருவானவர் போதாமையால், ஒருவருக்கொருவர் தம் பாவங்களை அறிக்கையிட்டனர். அவ்வேளையில் தெருவிலிருந்து ஓலம் கேட்டது: முன்னே சென்ற மரோனியேக்கள் பத்துப் பேர் மீது மலைபோன்ற பனிச்சரிவு இறங்கிவிட்டது. ஊரார் ஓடிச்சென்று தோண்டி, சிலரைப் பிணமாகவும், சிலரைக் குற்றுயிராகவும், சிலரைக் கை கால் முறிந்த நிலையிலும் கழிகளில் தூக்கிவந்தனர். ஒருத்தி கணவனையும் இன்னொருத்தி உடன்பிறந்தானையும் சொல்லி அழுதனர். பயணிகள் அஞ்சி எத்ரூப்ல் என்னும் கீழூருக்குத் திரும்பி, மூன்று ராஜாக்கள் திருநாளை அங்கே கழித்து, வானம் தெளிந்தபின் மீண்டும் மரோனியேக்களை அமர்த்திக்கொண்டு, தவழ்ந்தும் விழுந்தும் இரண்டு நாளில் முகட்டை அடைந்தனர்.

இந்த ஆவணத்தைப் படிப்போர் சிலர் 'மிகுந்த கூலி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மலையூரார் பயணியின் இக்கட்டைப் பயன்படுத்திப் பணம் பறித்தனர் என்று முடிவு கட்டுவதுண்டு. அது நியாயமான முடிவன்று. பத்துப் பேர் வீழ்ந்த சில நாட்களுக்குள் அதே ஊரிலிருந்து, அதே சரிவின் கீழே, மீண்டும் ஆட்கள் வழிகாட்டக் கிளம்பினர். வீட்டுக்கு உழைத்துப் போடுபவனை இழக்கும் வாய்ப்பை விலையில் சேர்க்காத கூலி எதுவும் அங்கே நேர்மையான கூலியாக இருந்திருக்க முடியாது. அவோஸ்தா பள்ளத்தாக்கை ஆண்ட சவோய் ஆட்சியாளர்களும் இத்தொழிலின் தேவையை உணர்ந்திருந்தனர்: வழிகாட்டுதலும் பாதையில் பனி அகற்றுதலும் சான்-ரெமி, எத்ரூப்ல் ஊராரின் கடமையும் உரிமையும் ஆக்கப்பட்டன, அதற்கு ஈடாக அவ்வூர் ஆண்களுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 'பனியின் படைவீரர்' என்ற பெயர் அவர்களுக்கு வழங்கியது இதனாலேயே.

முகட்டிலிருந்த சத்திரத்துக்கும் மரோனியே என்றே அழைக்கப்பட்ட பணியாளர்கள் இருந்தனர். குளிர்கால மாதங்களில் ஒவ்வொரு நாளும் காலையில், சத்திரத்து மரோனியே ஒருவர் வடபுறமாகவும் மற்றொருவர் தென்புறமாகவும், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திராட்சை மதுவும் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவர். சரிவின் நடுவே பயணியர் ஒதுங்குவதற்கென்று கட்டப்பட்ட சிறு கல்வீடுகள் வரை சென்று, வருவோர் இருந்தால் உணவு கொடுத்து, தம் காலடித் தடத்திலேயே மேலே அழைத்துவருவர்; எவரும் இல்லையெனினும் அந்த இறக்கமும் ஏற்றமும் வீணல்ல, ஏனெனில் அன்றாடம் மிதிபடும் தடமே மறுநாளும் பாதையாக நிற்கும். பாதையோரம் நடப்பட்ட உயர்ந்த கழிகள் வழியைக் காட்டின; மூடுபனி இறங்கிய நாட்களில் சத்திரத்து மணி ஒலித்தது. மரம் முளைக்காத அந்த உயரத்தில் அடுப்பெரிக்க விறகு கிடையாது. பக்கத்துப் பள்ளத்தாக்கான வால் ஃபெரேயிலிருந்து கோடைக்காலத்தில் கோவேறு கழுதைகளின் முதுகில் மற்றொரு கணவாயைக் கடந்து அது வந்து சேர்ந்தது. பயணிக்குக் கிடைத்த ஒரு கிண்ணம் சூடான கஞ்சிக்குப் பின்னால், கோடை முழுவதும் நடந்த இந்தச் சுமைப்பயணம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவோஸ்தாப் பக்கத்து உடைமைகளைச் சத்திரம் இழந்தபின், சுவிஸ் ஊர்களில் கேனன்கள் திரட்டிய காணிக்கையே பெரிதும் கைகொடுத்தது.

காப்பாற்ற முடியாதோருக்கும் சத்திரத்தில் ஓர் இடம் இருந்தது. பாறையும் உறைபனியுமான தரையில் குழி தோண்ட இயலாமையால், பனியில் கண்டெடுக்கப்பட்ட உடல்கள் சத்திரத்தை அடுத்த பிணவறையில் வைக்கப்பட்டன. வறண்ட கடுங்குளிரில் உடல்கள் விரைவில் அழியாமல் இருந்ததால், உறவினர் எவரேனும் எப்போதேனும் வந்து அடையாளம் காணக்கூடும் என்ற எண்ணமும் அதில் அடங்கியிருந்தது. 1846இல் இங்கே வந்துசென்ற ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், பின்னர் தம் 'லிட்டில் டோரிட்' நாவலில் இந்தப் பிணவறையை இடம்பெறச் செய்தார். அயல்நாட்டுப் பயணிகளுக்கு அது பார்த்து நடுங்கும் ஒரு காட்சியாக மாறியது வருந்தத்தக்கது. அங்கே கிடந்தோர் பெரும்பாலும் ஊர் பேர் தெரியாத ஏழைகள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிணவறையின் வாயில் சுவர் எழுப்பி மூடப்பட்டது.

நாய்கள் சத்திரத்துக்கு வந்தது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலில் காவலுக்கு. சத்திரத்தின் எழுத்து ஆவணங்களில் அவற்றைப் பற்றிய குறிப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிடைக்கிறது. மரோனியேயோடு நாள்தோறும் நடந்த நாய், பனிக்கு அடியிலுள்ள பழைய தடத்தை உணரும் ஆற்றலையும், புதையுண்ட மனிதனின் வாடையைப் பிடிக்கும் ஆற்றலையும் வெளிப்படுத்தியது. அகன்ற மார்பால் புதுப்பனியைப் பிளந்து முன்னே செல்லவும் செய்தது. ஆகவே நாய் தனித்து மீட்புக்குச் சென்றது என்பதைவிட, மரோனியேயின் கைக்கழி போல, அவருடைய தொழிலின் ஓர் உறுப்பாக இருந்தது என்பதே பொருத்தம். 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகக் கூறப்படுகிறது. அது முதுமையில் பெர்ன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே இறந்தது, அதன் பாடம் செய்யப்பட்ட உடல் அந்நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. கடைசியாகக் காக்கச் சென்றவனே அதைக் கொன்றான் என்னும் கதைக்கு அடிப்படை இல்லை. கழுத்தில் தொங்கும் சாராயப் பீப்பாயும் எட்வின் லேண்ட்சியர் என்ற ஆங்கில ஓவியர் 1820இல் வரைந்த படத்திலிருந்து பரவியதேயாகும்.

நெப்போலியனின் 1800 மே மாதக் கடப்பைப் பற்றி அளவுக்கு மீறியே எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட படை, இன்னும் பனி கிடந்த பாதையில், சில நாட்களில் கடந்தது. பீரங்கிகள் கழற்றப்பட்டு, குடைந்த மரத்தடிகளுக்குள் வைத்து ஆட்களால் இழுக்கப்பட்டன. தாவிட் என்னும் ஓவியர் நெப்போலியனைத் துள்ளியெழும் குதிரைமேல் வரைந்தார். உண்மையில் அவர் சென்றது கோவேறு கழுதையில், அதன் கயிற்றைப் பிடித்து நடந்தவர் பூர்-சான்-பியேரைச் சேர்ந்த பியேர் நிகோலா தோர்சா என்ற வழிகாட்டி. படை வெட்டிய மரங்களுக்கும் எடுத்துச்சென்ற பாத்திரங்களுக்கும் பயன்படுத்திய கோவேறு கழுதைகளுக்கும் ஈடு தருவதாக நெப்போலியன் ஊருக்கு எழுதிக்கொடுத்தார். அந்தக் கடன் முழுமையாகத் தீரவில்லை. 1984இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தெரான் அடையாளமாக ஒரு நினைவுப் பதக்கத்தை அளித்ததோடு அவ்விவகாரம் முடிவுக்கு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையைக் கடப்பதோடு அதை அளப்பதும் சத்திரத்தின் பணியாயிற்று. ஜெனீவா அறிஞர் மார்க்-ஓகுஸ்த் பிக்தேயின் முயற்சியால் 1817இல் அங்கே வானிலை நிலையம் தொடங்கப்பட்டது. கேனன்கள் நாள்தோறும் குறித்துவைத்த வெப்பநிலையும் பனியளவும், ஆல்ப்ஸ் உயர்மலைப் பகுதியில் மிக நீண்ட காலத் தொடர் பதிவுகளுள் ஒன்றாக இன்று தட்பவெப்ப ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் தொலைபேசியும் பனிச்சறுக்குக் கட்டைகளும் முகட்டுக்கு வந்தன. அடிவாரத்து ஊரிலிருந்து இத்தனை பேர் கிளம்பியுள்ளனர் என்று முன்கூட்டியே செய்தி வந்ததால், எவரும் வராத நாளிலும் இறங்கித் தேடவேண்டிய தேவை குறைந்தது. சுவிஸ் பக்கத்தில் 1893இலும் இத்தாலியப் பக்கத்தில் 1905இலும் வண்டிப்பாதை முகட்டை எட்டியது. எனினும் வண்டிப்பாதை கோடைக்கு மட்டுமே உரியதாக இருந்தது; குளிர்காலம் முன்போலவே நடப்பவர்களுடையது.

இச்சத்திர முறையை வேறொரு மலைத்தொடருக்குக் கொண்டுசெல்லும் முயற்சியும் நடந்தது. 1930களில் கேனன்கள் சிலர் சீனாவின் யுன்னானுக்கும் திபெத்துக்கும் இடைப்பட்ட எல்லைப்பகுதிக்குச் சென்று, மேகாங், சால்வீன் ஆறுகளுக்கு நடுவேயுள்ள லட்சா கணவாயில் ஒரு சத்திரம் எழுப்பத் தொடங்கினர். அது நிறைவேறவில்லை, அவர்களுள் ஒருவரான மொரீஸ் தோர்னே 1949இல் அந்த எல்லைப்பகுதியில் கொல்லப்பட்டார். இம்முயற்சிக்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1923இல், திருத்தந்தை பதினோராம் பயஸ், தாமே இளமையில் ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறியவர், புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்திருந்தார்.

1964 மார்ச்சில், ஆல்ப்ஸைக் குடைந்து செல்லும் சாலைச் சுரங்கம் ஒன்று கணவாய்க்கு அடியில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேராயர் சிகெரிக்குக்கு ஒரு நாள் பிடித்த கடப்பு சில நிமிடங்களில் அடங்கியது. பிழைப்புக்காகக் குளிர்காலத்தில் முகட்டை நடந்து கடக்கவேண்டிய தேவை அன்றோடு ஒழிந்தது. அது ஏழைகளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. நாய்களின் வளர்ப்பு 2005 முதல் மார்ட்டினியிலுள்ள ஓர் அறக்கட்டளையிடம் உள்ளது. அவை கோடையில் மட்டுமே மேலே வருகின்றன. மேற்சாலை அக்டோபர் வாக்கில் மூடப்பட்டு மே இறுதி அல்லது சூன் மாதத்தில் திறக்கப்படுகிறது. சத்திரம் மட்டும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது; குளிர்காலத்தில் சுரங்க வாயிலுக்கு அருகிலிருந்து பனிச்சறுக்குக் கட்டையோ பனிநடைச் சட்டமோ அணிந்து, இறந்தோர் பள்ளத்தின் வழியாக இரண்டு மூன்று மணி நேரம் ஏறி வருவோருக்கு இன்றும் கேனன்கள் சூடான தேநீரும் படுக்கையும் தருகின்றனர்.

மரோனியே என்ற தொழில் இப்போது இல்லை. அவர்கள் கழியாலும் காலாலும் பெற்ற அறிவின் இடத்தில், தாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 1945 முதல் வெளியிட்டுவரும் பனிச்சரிவு அறிக்கை நிற்கிறது. ஆபத்தை ஐந்து படிநிலைகளில் குறிக்கும் அந்த அறிக்கை, குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வெளியாகிறது. இறந்தோர் பள்ளத்தின் சரிவுகள் மரோனியேக்களின் காலத்தில் இருந்தவாறே இருப்பதால், குளிர்காலத்தில் சத்திரத்துக்கு நடக்க விரும்புவோர் முந்தைய மாலையே அதைப் படித்து, சத்திரத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, வழியறிந்தவர் ஒருவரோடு காலையிலேயே கிளம்ப வேண்டும். அறிக்கை தடுத்தால் கீழேயே தங்கிவிட வேண்டும்.